ஆஸ்காருக்கு ஒரு கும்பா

ஏலே பேராண்டி, வா, இப்படித் திண்ணையில ஒக்காரு. ஒன் நாய் ஆஸ்காரையும் அவுத்து விடு. அது எதுக்கு என்னைப் பாத்து வாலை இந்த ஆட்டு ஆட்டுது? களவாணி வந்தாலும் இப்படித்தான் வரவேற்பு குடுக்குமா? சரி, மூஞ்சியைத் தூக்காத. லாப்ரடார்னா அப்படித்தான் இருக்கும்னு ஒன் தங்கச்சி சொல்லிருக்கா. அவ ராமையன்பட்டி வெட்னரி காலேஜ்ல சேந்ததுல இருந்து லீவுக்கு வந்தா எனக்குத்தான் பாடம் எடுக்கா. நீயும்தான் கம்ப்யூட்டர் படிச்ச. செல்லுல சத்தத்தைக் கூட்டக் கேட்டா, 'ஆச்சிட்ட கேளுங்க தாத்தா'ம்ப.

நீ காலையில பெட்டி பிரிச்சதைக் கயித்துக் கட்டில்ல படுத்துக்கிட்டே முழுசாப் பாத்தேன். பெங்களூர்ல இருந்து நீ வந்து எறங்குறதுக்கு முந்தியே ஒன் நாயோட சாப்பாட்டுக் கும்பா கூரியர்ல வந்து எறங்கிருச்சு. மாப்பிள்ளைக்கு முந்திச் சீர்வரிசை வந்த கதைதான். மொதல்ல அட்டைப்பெட்டி. அதுக்குள்ள பாலித்தீன் பை. அதுக்குள்ள அமுக்குனா டப்பு டப்புன்னு வெடிக்குமே, அந்தக் காத்துத்தாளு மூணு சுத்து. அதையும் உரிச்சா ஒரு வண்ணப்பெட்டி. வெங்காயத்தை உரிச்சா கண்ணுல தண்ணியாவது வரும். ஒனக்கு அதுவும் வரல. கடைசியில வெளிய வந்துச்சு, ரெண்டு உள்ளங்கை அகலத்துல ஒரு பச்சைக் கும்பா. அதுல எலைப் படம் போட்டு, 'இயற்கையின் தோழன்'னு ஒரு ஒட்டுத்தாளு. வெலை கேட்டேன். 1,800 ரூபான்ன. நான் ஒண்ணும் சொல்லல. எந்திரிச்சுப் போயி வெத்தலை போட்டுட்டு வந்தேன். வாய் நெறைய வெத்தலை இருந்தா கெட்ட வார்த்தை வராது, கேட்டியா.

நான் யாருங்கிறது ஒனக்கு மறந்துருக்கும். கோவில்பட்டியில ஒரு ஏனக்கடையில 40 வருசம் கணக்கெழுதினவன். கும்பா, வட்டில், சருவம், தூக்குச்சட்டின்னு இந்த வெரல் தட்டிப் பாக்காத ஏனம் கெடையாது. கடைக்கு வாறவுக ஏனத்தோட பளபளப்பைப் பாப்பாக. நான் திருப்பி அடியைப் பாப்பேன். மூஞ்சி ஆயிரம் பொய் சொல்லும், அடி சொல்லாது. அந்தப் பழக்கத்துல ஒன் கும்பாவையும் திருப்பிப் பாத்தேன்.

மூங்கில்னு சொன்ன. எய்யா, மூங்கில்னா கணு இருக்கணும், நார் ஓடணும். இது கோழிமுட்டை கணக்கா வழவழன்னு இருக்கு. 'இதுல மூங்கில் எங்கலே'ன்னு கேட்டேன். 'தூளாக்கிக் கலந்துருக்காங்க தாத்தா'ன்ன. சரி, தூளைத் தூளோட சேத்துப் பிடிக்கிறது எது? ஆச்சி காய்ச்சுற மைதாப் பசையா? மெலமின் பிசின்லே அது. மெலமினையும் பார்மால்டிஹைடையும் சேத்து எறுக வைக்கிற ஒரு வகைப் பிளாஸ்டிக்கு. பூப்போட்ட மெலமின் தட்டு டவுன்ல விப்பானே, அதுக்கு இது பெரியப்பா மகன். மூங்கில் வந்து சம்பந்தம் பண்ணுனதுனால பேரு மாறிருச்சு, அம்புட்டுத்தான்.

இந்தச் சம்பந்தம் சரியில்லன்னு நான் மட்டும் சொல்லல. இந்த மாதிரி ஏனத்துல சூடானதையும் புளிப்பானதையும் ஊத்தினா பார்மால்டிஹைடும் மெலமினும் கசியுது, மூங்கில் தூள் கலந்ததுல கசிவு இன்னும் சாஸ்தின்னு ஜெர்மனியில சோதிச்சுப் பாத்து 2020-ல சொன்னாக. 2021-ல ஐரோப்பிய நாடுக ஒண்ணு சேந்து, இந்தச் சரக்கு உள்ள வராம எல்லையிலேயே மறிக்க ஆரம்பிச்சாக. ஒன் தங்கச்சி இதைச் சொன்னப்ப நான் கேட்டேன், 'அங்க மறிச்ச சரக்கு எங்கதான் போகும்?'னு. இப்பத் தெரியுது, எங்க திண்ணைக்குத்தான் வந்துருக்கு.

அந்த மெலமின் பேரைக் கேட்டா நாய் வளக்குறவனுக்கு வயித்தைக் கலக்கணும். 2007-ல அமெரிக்காவுல நாயும் பூனையும் சிறுநீரகம் செத்துச் சுருண்டு விழுந்துச்சு. என்னன்னு பாத்தா, சீனாவுல இருந்து வந்த கோதுமைப் பசையத்துல மெலமினைக் கலந்து அனுப்பியிருக்கான். சோதனையில புரதம் கூடுதலாக் காட்டுமாம், அதுக்காக. கடைக்குப் போன தீனியை எல்லாம் திருப்பி வாங்குனாக. நல்லாக் கேட்டுக்க, அது தீனியில வேணும்னு கலந்தது, கும்பாவுல இருந்து கசிஞ்சது இல்ல. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பி நாளைக்கு வாட்சப்புல அனுப்பிராத. கசியிறது துளிதான். ஆனா நாய் நம்மள மாதிரி ஒருநாள் தட்டு, ஒருநாள் எலைன்னு மாத்தித் திங்காது. ஆயுசு பூராவும் ஒரே கும்பா. அதுக்காகத்தான் சொல்லுதேன்.

இப்ப 'இயற்கையின் தோழன்' கதைக்கு வாரேன். நாங்க சின்ன வயசுல தெருவுல கேட்ட சத்தம் ஒண்ணு உண்டு. 'பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்'னு கூவிக்கிட்டு வருவான். பழம் வாங்கத்தான் நாங்க ஓடுவோம். இப்ப நெனச்சுப் பாத்தா ஊருக்கே அவன்தான் சுற்றுச்சூழல் அதிகாரி. எந்த ஏனத்துக்கு மறுபிறவி உண்டு, எதுக்குக் கெடையாதுன்னு தராசைத் தூக்கி ஒரு நிமிசத்துல சொல்லிருவான். ஒன் கும்பா ஒடைஞ்சா அவன்ட்ட குடுத்துப் பாரு. வாங்க மாட்டான். உருக்க முடியாது, ஒருக்க எறுகுன பிசின் மறுக்க இளகாது. மண்ணுல போட்டாலும் மக்காது, மூங்கிலை மக்க விடாம அந்தப் பிசின் பிடிச்சு வச்சிருக்கும். அடுப்புல போட்டா நாத்தத்துல நாம ஊரைக் காலி பண்ணணும். மூங்கிலா நின்னுருந்தா செத்தாலும் பாடைக்காவது ஆகியிருக்கும். இதுக்கு அந்தப் பாக்கியமும் இல்ல.

அதனால நாய்க்கு ஏனம் வாங்கணும்னா எலைப் படத்தைப் பாக்காத. மனசுக்குள்ள ரெண்டே கேள்வி கேளு. ஒண்ணு, 'பேரீச்சம்பழக்காரன் இதை வாங்குவானா, இல்லாட்டி மண்ணாவது வாங்குமா?' ரெண்டு, 'இதை நான் தெனமும் கழுவுவேனா?' ரெண்டாவது கேள்விக்குத்தான் நீ முழிப்ப. அதைக் கடைசியில வச்சுக்கிடுவோம்.

பிளாஸ்டிக்கு கும்பா பத்தி அதிகம் பேச ஒண்ணுமில்ல. அடியில முக்கோணத்துக்குள்ள ஒரு நம்பர் இருக்கும். 2-ம் 5-ம் கொஞ்சம் தேவலாம். 3 பி.வி.சி., 6 பாலிஸ்டைரீன், ரெண்டும் சாப்பாட்டுக்கு ஆகாது. 7-ன்னா மத்தது எல்லாம் அதுல அடங்கும், அந்தக் கூட்டத்துலதான் பிஸ்பினால்னு ஒரு ரசாயனம் இருக்கிற பாலிகார்பனேட்டும் நிக்கும். நம்பரே இல்லாட்டி பேரே இல்லாத பய கணக்கு, வீட்டுக்குள்ள விடாத. நல்ல நம்பரா இருந்தாலும் பல்லு பட்டுப் பட்டுக் கீறல் விழும். நாம தேச்சுத் தேச்சு இன்னும் கீறுவோம். அந்தக் கீறலுக்குள்ள பழைய சோறும் எண்ணெய்ப் பிசுக்கும் கிருமியும் குடும்பம் நடத்தும், பட்டா போட்டுக் குடுத்த மாதிரி. ஒன் அத்தை வீட்டுப் பூனைக்குத் தாடையில கருப்புக் கருப்பாப் பொரி பொரியா வந்துச்சே, டாக்டரம்மா மருந்து எழுதுறதுக்கு முந்திப் பிளாஸ்டிக் கிண்ணத்தை மாத்தத்தான் சொன்னாக. நாய் இன்னும் ஒரு படி மேல போயி கும்பாவையே கடிச்சு முழுங்கும். அப்புறம் கும்பா 200 ரூபா, வயித்தைக் கீறி எடுக்க எம்புட்டுன்னு டாக்டர்ட்ட கேட்டுக்க.

எவர்சில்வர்தான் நம்ம தொழில். அதுல ஒன்னை ஏமாத்த விட மாட்டேன். எல்லாம் ஒரே பளபளப்புதான், ஆனா ரத்தம் வேற. 304-ன்னு ஒரு ரகம் உண்டு. அதுல நூத்துக்குப் 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல். அந்தக் குரோமியம் காத்துப் பட்டதும் மேல மெல்லிசா ஒரு தோல் கட்டும். கீறினாலும் அந்தத் தோல் தானா மறுபடி மூடிக்கிடும். நம்ம தோல் ஆற ஒரு வாரம் ஆகுது, இதுக்கு அம்புட்டு நேரமும் வேண்டாம். அதனாலதான் சோறும் உப்பும் பட்டும் துருப் பிடிக்கிறதில்ல. வெலை கொறைக்கணும்னு நிக்கலைக் கொறைச்சு மாங்கனீசைப் போட்ட ரகம் 202. அது மொதல் வருசம் மாப்பிள்ளை மாதிரி மினுங்கும். அப்புறம் உப்புத்தண்ணி பட்டு அடியில காவிப் புள்ளி வைக்கும்.

கடைக்குக் காந்தத்தோட வாறவுக உண்டு. 'காந்தம் ஒட்டல, அப்ப ஒசத்தி'ன்னு சிரிச்சுக்கிட்டே வாங்கிட்டுப் போவாக. நானும் சிரிப்பேன். 304-லயும் ஒட்டாது, 202-லயும் ஒட்டாது. அழுத்தி வடிச்ச எடத்துல 304-ஏ லேசா இழுக்கும். அப்ப நல்லதைத் தள்ளிட்டு சொத்தையை வாங்கிட்டுப் போவாக. முதலாளி முன்னால நான் வாயைத் தொறக்க முடியுமா? ஒனக்குச் சொல்லுதேன், அடியில ரகம் அடிச்சிருக்கான்னு பாரு, கனம் பாரு, பில்லுல எழுதிக் கேளு. எழுதத் தயங்கினான்னா அடுத்த கடைக்கு நட. உள்ள பெயின்ட் அடிச்சது, பூப்போட்டது வேண்டாம். நாய் பூவைப் பாத்துச் சாப்பிடாது, நக்கி நக்கிப் பூவைத்தான் சாப்பிடும். அடியில ரப்பர் வளையம் இருந்தா வாரத்துக்கு ஒருக்கக் கழட்டிப் பாரு. அங்க ஒரு தனி ஊரே இருக்கும்.

பித்தளையும் செம்பும் அழகுதான், ஒங்க ஆச்சி சீரா கொண்டுவந்தது மச்சுல கெடக்கு. அதை எடுத்து நாய்க்கு வைக்கலாமான்னு நேத்து கேட்ட. ஆச்சி காதுல விழல, நீ பொழச்ச. ஈயம் பூசாத பித்தளையில தயிர்ச்சோறு வச்சா பச்சையாக் களிம்பு ஏறும். மனுசனுக்கே கொமட்டும். அதுலயும் ஒன் லாப்ரடார் சாதியில ஈரல்ல செம்பு சேந்து நோவு வாரது உண்டுன்னு ஒன் தங்கச்சி நோட்டுல எழுதி வச்சிருக்கா. இருக்கிற செம்பு போதாதுன்னு கும்பாவுல வேற ஊட்டணுமா? அலுமினியம் எளசு. புளிப்பு பட்டா அரிக்கும், பல்லு பட்டா நெளியும். இண்டாலியம்ங்கிற அலுமினியக் கலப்புலோகத்துல வார்த்த சில சட்டிகள்ல காரீயம் கசியுதுன்னு 2025-ல அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட்டுச்சு. அடுப்படியில அது இருந்தா நாயை விடு, மொதல்ல நீ சூதானமா இரு.

மண்சட்டி நல்லது, தண்ணிக்கு. சுட்ட மண்ணுல கண்ணுக்குத் தெரியாத துவாரம் உண்டு. தண்ணி அது வழியாக் கசிஞ்சு ஆவியாகும், ஆவியாகுறதுக்கு வேண்டிய சூட்டை உள்ள இருக்கிற தண்ணியில இருந்து உருவிக்கிட்டுப் போகும். கோவில்பட்டி வெயில்ல, கரண்டு பில்லு இல்லாத குளுரு. ஆனா அதே துவாரத்துல கறிக்கொழம்பு கொழுப்பும் போயி ஒக்காந்துக்கிடும், கழுவினா வராது. அதனால சோத்துக்கு வேண்டாம், தண்ணிக்கு வையி. பளிச்சுன்னு செவப்பு, மஞ்சள் பூச்சோட மினுங்குற பீங்கான் வாங்குனா, அந்த மினுக்குல காரீயமோ காட்மியமோ இருக்கலாம். சாப்பாட்டு ஏனம்னு உறுதி குடுக்கிறவன்ட்ட மட்டும் வாங்கு. அடுக்களைக்கு ஆகாததைப் பூச்சாடின்னு விப்பாக. பூச்சாடியை நாய்க்குச் சாப்பாட்டுத் தட்டாக்காத. மண்சட்டி ஒடைஞ்சாலும் நட்டமில்ல. ஓட்டை நொறுக்கிப் பூந்தொட்டி அடியில போட்டா தண்ணி தேங்காம வடியும். குசவன் மண்ணுல இருந்து எடுத்தான், நாம மண்ணுக்குத் திருப்பிக் குடுக்கோம். இதுக்குப் பேருதான்லே தோழன்.

சிரட்டை கேட்டியா? அழகு, எளிமை, வெலையே இல்ல. ஆனா அடி உருண்டை. ஒன் ஆஸ்கார் ஒரு நக்கு நக்கினா அது தெரு முக்குல போயி நிக்கும். அடியில பிரிமணை வச்சா நிக்கும்ப. நீ வச்ச பிரிமணையைத்தான் அது மொதல்ல திங்கும். சிரட்டை கோழிக்குஞ்சுக்கு.

ஏனம் எதுன்னு முடிவாச்சுன்னா, எந்த வாய்க்குங்கிறதையும் பாக்கணும். அந்தா படுத்திருக்கானே நம்ம செவலை, சிப்பிப்பாறை வித்து. மூஞ்சியைப் பாரு, ஈட்டி மாதிரி நீட்டு. அவனுக்குக் கொஞ்சம் ஆழமான கும்பா தோதா இருக்கும். அவன் பக்கத்து ஊரு ராஜபாளையம் நாய்க்கு 2005-ல தபால்தலையே போட்டாக. ஒன் நாய்க்கு வாலாட்டத்தான் தெரியும். மூக்கு சப்பையா இருக்கிற பக் நாய்க்கு ஆழமான கும்பா வச்சா மூஞ்சி முழுக சோறு, மூச்சு முட்டும். தட்டையா வையி. பூனைக்கு மீசை ஓரத்துல ஒரசாத மாதிரி அகலமா, ஆழம் கொறைச்சலா வையி. நம்ம மீசையில மோர் ஒட்டினா நமக்கே எரிச்சலா இருக்குல்ல.

அப்புறம், பெட்டிக்குள்ள இன்னொண்ணு பாத்தேன். மரத்துல முக்காலி மாதிரி ஒரு ஸ்டாண்டு. 'குனிஞ்சு சாப்பிட்டா கழுத்து வலிக்கும் தாத்தா'ன்ன. நாய் எந்தக் காலத்துலலே டைனிங் டேபிள்ல ஒக்காந்துச்சு? 2000-ல அமெரிக்கப் பர்டியூ பல்கலைக்கழகத்துக்காரங்க பெரிய சாதி நாய்களை எடுத்து ஆராஞ்சு ஒண்ணு எழுதினாக. ஒசரத்துல வச்ச கும்பாவுல சாப்பிட்ட நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கிற நோவு அதிகமா வந்துருக்காம். அது வந்தா மணிக்கணக்குல உசுரு போயிரும். கெழட்டு நாய், கழுத்து மூட்டு வலி இருக்குன்னு டாக்டர் சொன்னா ஒசத்தி வையி. ஒன் நாய்க்கு மூணு வயசு. கழுத்து வலி ஒனக்குத்தான், நாள்பூரா செல்லைக் குனிஞ்சு பாத்து. அந்த ஸ்டாண்டுல செல்லை வச்சுக்க.

நேத்து ராத்திரி பாத்தேன், சோத்தை வச்சுத் திரும்பறதுக்குள்ள தட்டு காலி. 'எப்பவும் பசிக்குதுங்கான் தாத்தா'ன்னு பெருமையாச் சொன்ன. லாப்ரடார்ல நாலுல ஒண்ணுக்கு, வயிறு நெறஞ்சதைச் சொல்லுற மரபணு பிறவியிலேயே பழுதாம். 2016-ல கேம்பிரிட்ஜ்ல கண்டுபிடிச்சாக. நம்ம ஊருல பந்தியில மூணாம் பாயசம் கேக்கிறவனுக்கும் சோதிச்சுப் பாக்கணும். அள்ளி முழுங்குறதைக் கொறைக்க 900 ரூபாய்க்கு மேடு பள்ளம் வச்ச கும்பா விக்கான்ன. சோத்தை ஒரு தாம்பாளத்துல பரத்தி வையி. இல்லாட்டி, வாய்க்குள்ள போகாத அளவுக்கு ஒரு பெரிய கூழாங்கல்லைக் கழுவிக் கும்பா நடுவுல வையி. கல்லைச் சுத்திச் சுத்தி நக்கித்தான் திங்கணும். ஆத்துல இருந்து எடுத்தா கல்லுக்கு வெலை கெடையாது. ஆனா பச்சை எலைப் படம் இருக்காது, பரவால்லியா?

இப்ப ரெண்டாவது கேள்வி. எங்க ஓடுத? ஒக்காரு.

அந்தத் தண்ணிக் கிண்ணத்தை எடு, நீ ஊருல இருந்து கொண்டுவந்தது. உள்ள வெரலை விட்டு ஓரமாத் தேய். வழுக்குதா? விளக்கெண்ணெய் தடவின மாதிரி இருக்கா? அது தண்ணியோட கொணம் இல்லலே. எச்சில்ல இருந்த கிருமி எல்லாம் சேந்து கட்டுன கூடு. தண்ணியைக் கொட்டிட்டுப் புதுசா ஊத்தினாலும் அந்தக் கூடு அப்படியே இருக்கும், தேச்சாத்தான் போகும். 2011-ல அமெரிக்காவுல என்.எஸ்.எப்.ன்னு ஒரு அமைப்பு, வீடுகள்ல எந்தச் சாமான்ல கிருமி அதிகம்னு சோதிச்சாக. செல்லப்பிராணியோட கிண்ணம் நாலாவது எடத்துல வந்துச்சு. மொதல் எடம் எதுன்னு நெனைக்க? கக்கூசா? இல்ல. ஏனம் தேய்க்கிற ஸ்பாஞ்சு! நீ நேத்து அந்த ஸ்பாஞ்சால நாய்க் கிண்ணத்தையும் தேச்சு, அதாலயே என் காப்பித் தம்ளரையும் தேச்ச. நாலாவது எடத்தையும் மொதல் எடத்தையும் ஒண்ணு சேத்துட்ட. கூட்டணி வச்சிட்டல்ல, இனிமே அதுகதான் ஆட்சி. நான் அந்தத் தம்ளர்ல காப்பியும் குடிச்சேன். சொல்லல, பேரன்னு விட்டேன்.

நாய்க் கும்பாவுக்குத் தனியாத் தேங்காய் நார் வையி. கொழுப்பு போகச் சோப்பும் சுடுதண்ணியும் போதும். எங்க காலத்துல அடுப்புச் சாம்பல். வெறகுச் சாம்பல்ல காரம் உண்டு, எண்ணெயைச் சோப்பாவே மாத்தி எடுத்துட்டு வந்துரும். தேச்சு, அலசி, வெயில்ல கவுத்துப் போடு. கோவில்பட்டியில வெயிலுக்கா பஞ்சம்? சோத்துக் கும்பாவைச் சோறு தின்ன ஒடனே கழுவு, தண்ணிக் கும்பாவைத் தெனமும் கழுவு. பச்சைக்கறி போட்டா கையையும் கழுவு, அதுல சால்மோனெல்லா வரும். தண்ணியைக் கொட்டாம விட்டா டெங்கு கொசுவும் குடி வரும். ஏடிஸ் கொசு, தண்ணி தொடுற ஓரத்துலதான் முட்டையை ஒட்ட வச்சிட்டுப் போகும். தண்ணியைக் கொட்டினா மட்டும் முட்டை போகாது, காஞ்சும் உசுரோட மாசக்கணக்குல கெடக்கும். நார் போட்டு ஓரத்தைத் தேச்சாத்தான் போகும். ஏனம் தேட மூணு மாசம் இன்டர்நெட்டுல அலஞ்சேன்ன. தேய்க்க மூணு நிமிசம் ஆகும். அதுக்கு ஒரு ஆப்பு இருக்கான்னு தேடாத.

ஆமா, ஆஸ்கார் எங்க? நாம பேசிக்கிட்டே இருக்கோம், நாயைக் காணல.

அந்தாப் பாரு. கொல்லையில வேப்பமரத்தடியில செவலைக்குப் பக்கத்துல நிக்கான். என்ன குடிக்கான்னு பாரு. உரலு. ஒங்க ஆச்சிக்கு அவ அம்மா குடுத்தது. கம்பு இடிச்ச உரலு. மிஷின் வந்ததும் வேலை போச்சு, வேப்பமரத்தடிக்கு வந்துருச்சு, என்னைய மாதிரி. குழிக்குள்ள தண்ணி ஊத்தி வச்சா ஆடு குடிக்கும், கோழி குடிக்கும், காக்கா குடிக்கும், செவலை குடிப்பான். நேத்து வந்த ஒன் நாய், ஒரு பெட்டி பிரிக்காம, ஒரு ரிவ்யூ படிக்காம, நேராப் போயி வாயை வச்சுட்டான். தட்டி விட முடியாது, கடிக்க முடியாது, கசியிறதுக்கு ஒண்ணும் கெடையாது. நூறு வருசம் ஆச்சு, இன்னும் நூறு வருசம் கெடக்கும். பேரீச்சம்பழக்காரன் கேட்டாலும் நாங்க குடுக்க மாட்டோம். காலையில ஆச்சி வெளக்கமாத்துக் கட்டையால குழியைத் தேச்சு ஊத்திட்டுத்தான் காப்பியே போடுவா. நாயைப் பாத்துப் படிச்சுக்க.

அந்த மூங்கில் கும்பாவைத் தூர எறியவும் வேண்டாம். எறிஞ்சா அது எங்கதான் போகும்? சாவியும் சில்லறையும் போட்டு வையி. சூடில்ல, புளிப்பில்ல, யாரும் நக்கப் போறதில்ல. 1,800 ரூபா சாவிக் கும்பா. ஊருல ஒருத்தன்ட்டயும் இருக்காது.

சரி, சாப்பிட்டியா? இன்னைக்குப் பைபாஸ் ஓட்டல்ல பார்சல் வாங்குனேன்ன. எங்க, காட்டு பாப்போம். இது என்னலே? கருப்பு பிளாஸ்டிக் டப்பாவுல சாதம். பாலித்தீன் பையில கொதிக்கக் கொதிக்கச் சாம்பாரு, வாயை நூல் போட்டு இறுக்கிக் கட்டி. ரசம் தனிப் பை, மோர் தனிப் பை, சட்னிக்கு ஒரு சின்னப் பை. 2019 சனவரியில இருந்து இந்தப் பையை எல்லாம் தடை பண்ணியாச்சு, 2021-ல மஞ்சப்பை எடுங்கன்னு கவர்மெண்டே சொல்லியாச்சு. நாய்க்குச் சூடு பட்டாக் கசியுமான்னு மூணு மாசம் ஆராய்ச்சி பண்ணுனவன், தனக்குக் கொதிக்கிற சாம்பாரைப் பையில வாங்கிட்டு வந்துருக்க. ஆஸ்காருக்கு நீ இருக்க. ஒனக்கு யாருலே இருக்கா?

இரு, உள்ள போயி ஒண்ணு எடுத்துட்டு வாரேன்.

இந்தா, இதைப் பாரு. ஞாபகம் இருக்கா? எவர்சில்வர் கும்பா. திருப்பி அடியைப் பாரு. ஒன் பேரும், 9.6.1997-னும் புள்ளி புள்ளியா வெட்டியிருக்கும். ஒன் காதுகுத்துக்கு நான் வாங்கினது, என் கையாலேயே பேர் வெட்டினது. அப்ப கடையில மிஷின் வரல, உளியும் சுத்தியலும்தான். ஒன் பேருல ஒரு புள்ளி தள்ளி விழுந்துருச்சுன்னு ஒங்க அப்பன் சண்டைக்கு வந்தான். இந்தக் கும்பாவுலதான் நீ பருப்புஞ்சோறு தின்ன, தரையில அடிச்சு மேளம் கொட்டின. எங்கயாவது காவிப் புள்ளி இருக்கா? தேடிப் பாரு.

என்ன, மூஞ்சி வாடுது? 'ஆஸ்காருக்கா தாத்தா'ங்க? போடா கூறுகெட்டவனே. அவனுக்கு உரலு இருக்கு. சோத்துக்கு நாளைக்கு என் பழைய கடைக்குப் போயி நல்லதா, கனமா ஒண்ணு நானே எடுத்துத் தாரேன். வேணும்னா அவன் பேரையும் வெட்டித் தாரேன், இந்தத் தடவை புள்ளி தள்ளாம. இது ஒனக்கு. அந்தப் பைகளை ஆச்சிட்ட குடுத்துட்டு வந்து ஒக்காரு. கம்மங்கஞ்சி இருக்கு, கருவாடு இருக்கு. இதுல ஊத்திக் குடி.

குடிச்சிட்டு நீயே கழுவிக் கவுத்து வையி. இந்த வீட்டுல சாப்பிட்ட ஏனத்தைக் கழுவாம எந்திரிச்சுப் போற உரிமை நாய்க்கு மட்டுந்தான் குடுத்திருக்கோம். ஒனக்கும் வேணும்னா வாலாட்டக் கத்துக்க.